கடைத்தெருவுக்கு வந்த மருத்துவமும் நம் அமானிதமும்



நோய்க்கு மருத்துவமனை, பொருளுக்குக் கடைத்தெரு என்று இரண்டு வழிகள் தனித்தனியே இருந்த காலத்தை நம் பெற்றோர் கண்டிருக்கிறார்கள். இன்று அவ்விரு வழிகளும் ஒன்றாகி வருகின்றன. பெருநகரங்களின் வணிக வளாகங்களில் துணிக்கடைக்கும் உணவுக்கூடத்துக்கும் நடுவே பல் மருத்துவமும் கண் பரிசோதனையும் நடைபெறுகின்றன. நம் விருத்தாசலத்தில் அத்தகைய கண்ணாடி மாளிகைகள் இல்லை. ஆயினும் கடைவீதியிலும் ஜங்ஷன் சாலையிலும் நடந்து பாருங்கள். கீழ்த்தளத்தில் மருந்துக்கடை, மாடியில் மருத்துவரின் அறை, பக்கத்தில் இரத்தப் பரிசோதனை நிலையம், அதற்கடுத்து செல்போன் கடை என்னும் அமைப்பு நமக்குப் பழகிப்போன ஒன்று. கண்ணாடிக் கடையில் இலவசக் கண் பரிசோதனை என்றும், முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை விலை என்றும் பலகைகள் தொங்குகின்றன.

மத்ரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் சிலர் இதைப் பற்றி நம்மிடம் கேட்டதுண்டு. மருத்துவம் என்பது புனிதமான தொழில். அதைச் சந்தைக்குள் கொண்டு வருவது தகுமா என்பது அவர்களின் வினா. ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பணி. பாடம் நடத்தும் ஆசிரியர் என்ற நிலையில், மார்க்க நூல்களிலும் வரலாற்றிலும் நாம் படித்தவற்றையும் நம் ஊரில் கண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

சந்தை வெறுக்கத்தக்கதா?

இறைவனுக்கு மிக விருப்பமான இடங்கள் பள்ளிவாசல்கள் என்றும், அவனுக்கு மிக வெறுப்பான இடங்கள் கடைத்தெருக்கள் என்றும் கருத்துத் தரும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது. இதைக் கேட்டவுடன், மருத்துவம் கடைத்தெருவுக்கு வந்ததே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே கடைத்தெருவில் நடந்தார்கள், வணிகம் செய்தார்கள், தானியக் குவியலுக்குள் கைவிட்டு, ஈரமான தானியம் அடியில் மறைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். சந்தையில் நிகழும் பொய்யும் மோசடியும் மறதியுமே வெறுப்புக்குக் காரணம் என்று அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளனர்.

மக்கள் கூடும் இடத்தில் மருத்துவம் இருப்பதும் நமக்குப் புதிதன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்கு மருந்திட்ட ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பெயர் ஸீரத் நூல்களில் அந்நிகழ்வோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. எகிப்தில் அஹ்மது இப்னு தூலூன் கட்டிய, 879ஆம் ஆண்டு நிறைவுற்ற பெரும் பள்ளிவாசலின் பின்புறத்தில் மருந்தறை ஒன்று இருந்தது. ஜும்ஆ நாளில் தொழ வருவோருக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டால் கவனிக்க அங்கே ஒரு மருத்துவர் அமர்ந்திருப்பார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். நோயாளி மருத்துவரைத் தேடி அலையாமல், அவர் ஏற்கெனவே வந்து நிற்கும் இடத்திலேயே மருத்துவரை அமர்த்திய ஏற்பாடு அது.

கடைகள் மருத்துவமனையைக் காத்த காலம்

டமாஸ்கஸ் நகரில் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய மருத்துவமனை, பெரும் பள்ளிவாசலுக்கும் கடைத்தெருக்களுக்கும் அருகிலேயே அமைந்தது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் தொடங்கிய மருத்துவமனையோ அந்நகரின் முதன்மையான வணிக வீதியிலேயே எழுந்தது. செல்வர், வறியவர், ஆண், பெண், உள்ளூரார், வெளியூரார் என்னும் வேறுபாடின்றி அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. அதற்குரிய செலவு நோயாளியிடமிருந்து வரவில்லை. கடைகள், குளியலகங்கள் போன்ற சொத்துகளின் வாடகை அந்த மருத்துவமனைக்கு வக்ஃபு செய்யப்பட்டிருந்தது.

இந்த ஒரு செய்தியை நம் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அன்று கடைத்தெரு சம்பாதித்து மருத்துவமனையைக் காப்பாற்றியது. இன்று பல நாடுகளில் மருத்துவமனை வந்துதான் கடைத்தெருவைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இணையத்தில் பொருள் வாங்கும் வழக்கம் பெருகியதால் வளாகங்களில் கடைகள் காலியாகின்றன. காலியான இடத்துக்கு வாடகைதாரர் தேவை. செல்போன் திரையில் சட்டை வாங்கிவிடலாம். பல்லைப் பிடுங்கிக்கொள்ள நேரில்தானே வர வேண்டும்? எனவே மருத்துவத்தை வளாக உரிமையாளர்கள் விரும்பி அழைக்கிறார்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நலிவுற்றிருந்த ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் என்னும் வணிக வளாகத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் 2009ஆம் ஆண்டளவில் தன் வெளிநோயாளர் பிரிவுகள் பலவற்றைக் குடியமர்த்தியது. இங்கிலாந்தின் பூல் நகரில், பீல்ஸ் என்னும் பேரங்காடி இருந்த தளத்தில் அரசு மருத்துவச் சேவை 2021 டிசம்பரில் வெளிநோயாளர் பரிசோதனைக் கூடத்தைத் திறந்தது. கொரோனாவால் தேங்கி நின்ற நோயாளர் வரிசையைக் குறைக்க அது உதவியது. சிங்கப்பூரில் பொங்கோல் பலதுறை மருந்தகம், கடைகளும் உணவகங்களும் சூழ்ந்த ஒயாசிஸ் டெரசஸ் வளாகத்திலேயே இயங்குகிறது. அங்கு வாழும் நம் தமிழ் உறவினர் பலருக்கு இது அன்றாட வழக்கம்.

இவற்றுக்கு மாறான அனுபவமும் உண்டு. வால்மார்ட் நிறுவனம் 2019இல் தன் பேரங்காடிகளை ஒட்டி மருத்துவ மையங்களைத் திறக்கத் தொடங்கியது. குறைந்த கட்டணம், வெளிப்படையான விலை என்ற அறிவிப்போடு அவை வந்தன. 2024 ஏப்ரல் 30 அன்று 51 மையங்களையும் மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. நடத்தும் செலவு உயர்ந்துவிட்டது, இலாபம் கிட்டவில்லை என்பதே அது கூறிய காரணம். வணிகக் கணக்கில் அது குற்றமன்று. ஆனால் அங்கே தொடர்ந்து சிகிச்சை பெற்று வந்த நீரிழிவு நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். நோய் அவரிடம் தங்கிவிட்டது. மருத்துவர் அறை போய்விட்டது. இலாபத்தின் மீது நிற்கும் சேவை இலாபத்தோடு விடைபெறும். வக்ஃபின் மீது நின்ற சேவை நூற்றாண்டுகள் நின்றது.

நம் ஊரின் தூசி

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்று வெளியூரார் அறிவர். இங்கே பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் செராமிக் தொழிற்பேட்டையும் உள்ளன. பொம்மைகளும், அகல் விளக்குகளும், மின்சாதனங்களுக்கான பீங்கான் உறுப்புகளும் இங்குள்ள சிறு கூடங்களில் உருவாகின்றன. களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய கற்களின் பொடியைச் சேர்த்தே பீங்கான் செய்யப்படுகிறது. குவார்ட்ஸ் பொடியின் நுண்ணிய தூசி ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உட்சென்றால் நுரையீரலில் தழும்பு விழும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய் வந்தபின் நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அது உள்ளவருக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பும் மிகுதி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது.

நம் மத்ரஸாவில் ஓதும் ஒரு மாணவனின் அத்தா இத்தகைய கூடம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மண் கலக்கும் வேலை பார்த்தவர். அவருக்கு இருமல் வந்தது. அரசு மருத்துவமனைக்குச் சென்றால் அரைநாள் கூலி போய்விடும். எனவே வேலை முடிந்து மாலையில் காய்கறி வாங்க வரும்போது, வழியிலிருந்த மருந்துக்கடையில் இருமலுக்கு மாத்திரை கேட்டார். கொடுத்தார்கள். இரண்டு நாளில் தேறினார். மீண்டும் இருமல் வந்தது, மீண்டும் மாத்திரை. இவ்வாறு எட்டு மாதங்கள் கழிந்தன. சீட்டு கேட்பாரில்லை, எத்தனை நாளாக இருமல் என்று வினவுவாருமில்லை. கடையின் வேகமும் அருகாமையும் அவருக்கு உதவி போலவே தோன்றின.

பையன் ஒரு வாரம் தொடர்ந்து வராததால், நோயாளியை நலம் விசாரிக்கும் கடமையை எண்ணி நாமும் சக உஸ்தாதும் அவர் இல்லம் சென்றோம். சட்டை தோளில் நில்லாத அளவுக்கு இளைத்திருந்தார். பேசும்போது இரண்டு சொற்களுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார். அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்து காட்டினார். பை நிறைய வெற்று மாத்திரை அட்டைகள். ஒரு பில் கூட அதில் இல்லை. மறுநாள் காலையிலேயே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் காசநோய் உறுதியானது; தூசியால் நுரையீரல் முன்பே பாதிக்கப்பட்டிருந்ததும் தெரிய வந்தது. ஆறு மாதச் சிகிச்சை, மருந்து இலவசம். காசநோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. அல்ஹம்துலில்லாஹ், காசநோய் குணமாயிற்று. மூச்சிரைப்பு மட்டும் மீதமிருக்கிறது. மண் கலக்கும் வேலைக்கு அவரால் இனித் திரும்ப முடியாது. அந்த எட்டு மாதங்களில் அவர் அருகில் உறங்கிய பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று.

இதை ஒரு கடையைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அதே கடைத்தெருவில் நன்மையும் கண்டிருக்கிறோம். பெரிய மருத்துவமனை என்றாலே தயங்கும் உம்மாக்கள் பலர். உடன் வர மகன் வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், பேருந்து ஏற வேண்டும். அத்தகையோர் கடைக்கு வந்த இடத்தில் இரத்த அழுத்தம் பார்த்து, நோயை முன்னரே அறிந்து பக்கவாதத்திலிருந்து தப்பும் வாய்ப்பு இங்கே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் பலரிடம் வலியின்றி வளர்பவை. அவற்றைக் கண்டறியும் கருவி வீட்டருகே இருப்பது அருளே. எனவே மருத்துவம் அருகில் வருவதில் பிழையில்லை. அருகில் வரும்போது அறிவும் பொறுப்பும் உடன் வருகின்றனவா என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும்.

முஹ்தஸிபின் கண்கள்

இஸ்லாமிய ஆட்சிகளில் சந்தையைக் கண்காணிக்க முஹ்தஸிப் என்னும் அலுவலர் இருந்தார். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் சந்தை அலுவல்களில் சிலவற்றை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணியிடம் ஒப்படைத்ததாக வரலாற்றாசிரியர் சிலர் குறிப்பிடுகின்றனர். எழுத்தறிவும் வைத்திய அறிவும் பெற்றவர் அவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ என்னும் அறிஞர் முஹ்தஸிபுகளுக்காக எழுதிய கையேட்டில், ரொட்டி சுடுபவருக்கும் இறைச்சி விற்பவருக்கும் விதிகள் சொல்வது போலவே மருந்து விற்பவருக்கும் கண் மருத்துவருக்கும் இரத்தம் குத்தி எடுப்பவருக்கும் தனித்தனியே விதிகள் கூறுகிறார். மருத்துவர் தாம் எழுதிக் கொடுத்த மருந்தின் குறிப்பை நோயாளியின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அக்குறிப்புகளைத் தலைமை மருத்துவர் ஆராய்வார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஏற்பாடு இது!

இன்று அந்த முஹ்தஸிபின் வேலையைச் சட்டங்கள் செய்கின்றன. சில நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் காசநோய் மருந்துகளும் 2014 மார்ச் முதல் எச்1 என்னும் தனி அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்கக் கூடாது. விற்ற விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும். மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்றும், நோயாளியை அனுப்பி வைத்ததற்காகக் கமிஷன் பெறக் கூடாது என்றும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறைகள் விதிக்கின்றன. மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்வதற்குத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது.

சட்டம் இருந்தும், ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் வீட்டுக்கு ஒரு முஹ்தஸிபாக இருக்க வேண்டியிருக்கிறது. கடைத்தெரு மருத்துவத்தை நாடும்போது நான்கு வினாக்களை மனத்தில் கொள்ளுங்கள்.

முதலாவது, மருந்து சொல்பவர் கற்றவரா? மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவரே விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூதில் உண்டு. நோய் என்னவென்று தீர்மானிப்பது மருத்துவரின் பணி. சீட்டைப் பார்த்து மருந்தைச் சரியாக வழங்கி, உண்ணும் முறையை விளக்குவது மருந்தாளுநரின் பணி. கல்லாவில் அமர்ந்திருப்பவர் இருவரில் யாருமாக இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது, எழுத்து இருக்கிறதா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு குர்ஆனின் மிக நீண்ட வசனம் நமக்குக் கற்பிக்கிறது. பணத்துக்கே எழுத்து வேண்டுமெனில் உயிருக்கு வேண்டாமா? சீட்டு, பில், பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் தேதி வாரியாக வைத்திருங்கள். அந்தச் சகோதரரிடம் எட்டு மாதச் சீட்டுகள் இருந்திருந்தால், அவற்றைப் பார்க்கும் எந்த மருத்துவரும் மூன்றாம் சீட்டிலேயே ஐயுற்றிருப்பார்.

மூன்றாவது, இது தேவையா, சலுகையா? ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்பது துணிக்குப் பொருந்தும். வயதும் நோய்க்குறியும் பாராமல் நாற்பது பரிசோதனைகளை ஒரே கட்டாக விற்பதில், தேவையற்ற அச்சமும் செலவும் உண்டு. மருத்துவர் கேட்ட பரிசோதனையைச் செய்யுங்கள். பலகை கேட்ட பரிசோதனையைத் தவிருங்கள்.

நான்காவது, மறைவு இருக்கிறதா? உடலும் நோயும் அமானிதங்கள். வாடிக்கையாளர் நடமாடும் இடத்தில் ஒரு பெண்ணின் நோயை உரத்த குரலில் விசாரிப்பது தகாது. திரை, தனியறை, பெண் பணியாளர் ஆகியவற்றைக் கேட்பது நம் உரிமை. தயங்காமல், பணிவோடு கேளுங்கள்.

இவற்றுக்கு மேல், இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தால் கடையை விட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தூசியில் வேலை செய்பவர் எனில் தம் தொழிலையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லட்டும்.

ஜமாஅத்துகள் சிந்திக்க

வீட்டு வாசலுக்கே மருத்துவம் வரும் ஏற்பாடும் நம் மாநிலத்தில் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் அத்திட்டத்தில் இல்லத்துக்கே வருகின்றன. குறைந்த விலையில் மருந்து தரும் முதல்வர் மருந்தகங்கள் 1000 இடங்களில் 2025 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டன. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களும் உள்ளன. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் சிறு பார்வை மையங்களை நடத்துகிறது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைப் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் காணொளி வழியே நோயாளியிடம் பேசுகிறார். ஒரு கடை அளவு இடமே இதற்குப் போதுமானது.

நம் பகுதிப் பள்ளிவாசல்கள் பலவற்றின் முகப்பில் வக்ஃபுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் வாடகையில் இமாம், முஅத்தின் ஊதியமும் மின்கட்டணமும் நடைபெறுகின்றன. அவ்வருவாயின் அருமையை நாமும் அறிவோம். நம் ஊதியமும் அத்தகைய வருவாயிலிருந்தே வருகிறது. அதனால் அனைத்தையும் விட்டுக் கொடுக்குமாறு கூறவில்லை. வக்ஃபு விதிகளுக்கு உட்பட்டு, காலியாக இருக்கும் ஓர் அறையை வாரம் ஒருநாள் மாலை மருத்துவர் அமர்வதற்கு ஒதுக்கலாம். நம் சமுதாயத்தில் மருத்துவம் படித்த பிள்ளைகள் இன்று பலர் உள்ளனர். மாதம் ஒரு மாலை அவர்கள் தந்தால் போதும். ஜும்ஆவுக்குப் பின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம். அந்த அறை சாதி, மதம் பாராமல் கடைவீதியில் உள்ள அனைவருக்கும் திறந்திருக்கட்டும். காய்கறி விற்கும் அம்மாவும் பீங்கான் கூடத்துத் தொழிலாளியும் அங்கே வந்து அமரட்டும். இருமலோடு வருபவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இரண்டு இளைஞர்கள் முன்வரட்டும். அரைநாள் கூலியை இழப்பவருக்கு ஜமாஅத்தின் நிதியிலிருந்து அத்தொகையைக் கொடுத்துவிட்டால், அவர் மருத்துவமனைக்குச் செல்லத் தடையேது?

இப்னு தூலூனின் பள்ளிவாசலில் அமர்ந்திருந்த அந்த மருத்துவருக்கும் கலாவூனின் மருத்துவமனையைத் தாங்கிய அந்தக் கடைகளுக்கும் நாம் வாரிசுகள் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அப்பெருமைக்கு ஓர் அறையும் ஒரு மாலையும் விலையாகக் கேட்கப்படுகின்றன. முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் அடுத்த மஷூராவில் இதை முன்வைத்துப் பேச வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம்.

நோயைத் தந்தவனே நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான். அதைத் தேடும் வழியில் நம்மை ஏமாறாதவர்களாகவும், பிறரை ஏமாற்றாதவர்களாகவும், நோயுற்றோரின் கரம் பற்றுபவர்களாகவும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.